பந்தயமும் பணயமும்

(தேனி மாவட்டத்து ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பாசனத்தைப் பற்றியும் பேசுவதற்கே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். விளைச்சலைப் பெருக்குவது எவ்வாறு என்பதே அக்கூட்டங்களின் நோக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் அதற்கு அடுத்த படியைப் பற்றியது. விளைந்த பொருள் விற்றுப் பணமான பிறகு, அப்பணம் முழுமையாக வீடு போய்ச் சேருகிறதா? வழியில் அதைப் பறித்துக்கொள்ளக் காத்திருப்போரைத் தடுக்கச் சட்டம் என்ன சொல்கிறது? சட்டத்தால் இயலாததை ஊராட்சி எவ்வாறு செய்யலாம்? இவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

அறுவடையும் திருவிழாவும்

நம் பள்ளத்தாக்கின் வளத்தை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1895-ம் ஆண்டில் பெரியாறு அணை திறக்கப்பட்டது. அன்று முதல் அந்த நீரை நம்பியே இங்குள்ள உழவர் வாழ்கின்றனர். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுகிறது. கம்பம், கூடலூர்ப் பகுதிகளில் திராட்சை; சின்னமனூரைச் சுற்றி வாழையும் தென்னையும்; போடியில் ஏலக்காய் வாணிபம். மலைத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஏறி இறங்கும் தொழிலாளரின் கூலிப் பணமும் இந்த ஊர்களுக்கே வந்து சேருகிறது.

இரண்டாம் போகம் அறுவடையாகிக் கையில் பணம் புரளும் காலத்தில்தான் சித்திரைத் திருவிழாக்களும் வருகின்றன. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு அக்கினிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி மக்கள் வெள்ளமாகத் திரள்வது உங்களுக்குத் தெரியும். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் மக்கள் குச்சனூருக்குச் செல்கின்றனர். தை பிறந்தால் பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் ஜல்லிக்கட்டு. ஊருக்கு ஊர் மாட்டு வண்டிப் பந்தயம். இவை நம் மக்களின் பக்திக்கும் மகிழ்ச்சிக்கும் உரியவை; வாணிபத்துக்கும் உதவுபவை. வளையல் கடைக்காரர், பொரிகடலைக் கடைக்காரர், ராட்டினம் போடுவோர் எனப் பல குடும்பங்கள் இவற்றால் பிழைக்கின்றன. ஆகவே திருவிழாவைக் குறை கூற நான் வரவில்லை. திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் இருள் பார்த்து நுழையும் ஒரு தொழிலைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

ஒரு குடியானவரின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், நான் அறிந்த குடியானவர் ஒருவர், நெல் விற்ற பணத்தில் ஒரு பகுதியை மடியில் முடிந்துகொண்டு ஒரு திருவிழாவுக்குச் சென்றார். ஊரையும் பெயரையும் சொல்வது முறையன்று. திரும்பி வரும்போது கறவைக்கு ஒரு கிடாரிக் கன்று பிடித்து வருவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். ராட்டினங்களுக்குப் பின்புறம், வெளிச்சம் குறைந்த இடத்தில், பத்துப் பேர் வட்டமாக நின்றிருந்தனர். நடுவில் ஒருவன் மூன்று சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு இடம் மாற்றிக்கொண்டிருந்தான். படச்சீட்டைச் சரியாகத் தொட்டவருக்கு வைத்த பணம் இரட்டிப்பாகக் கிடைக்கும். பக்கத்தில் நின்ற ஒருவர் இரண்டு முறை தொட்டு இரண்டு முறையும் வென்றார். நம்மவரும் பணம் வைத்தார். முதல் முறை வெற்றி. அதன் பின் அரை மணி நேரத்தில் கன்றின் விலை போயிற்று. போனதை மீட்டுவிட வேண்டும் என்ற வேகத்தில், உரத்துக்கென எடுத்து வைத்திருந்த பணமும் போயிற்று. முதலில் வென்று காட்டியவர் சீட்டுப் போட்டவனின் கூட்டாளி என்பதை அவர் மறுநாள்தான் உணர்ந்தார்.

“காவல் நிலையத்தில் போய்ச் சொல்லக் கூடாதா, ஐயா?” என்று அவரிடம் கேட்டேன். “நானும் ஆடினேனே, தம்பி. ஆடினவன் மேலும் வழக்கு உண்டு என்கிறார்கள். யார் முகத்தில் போய் விழிப்பேன்?” என்றார். ஆனி மாதத்து நாற்று நடவுக்காக அவருடைய மனைவியின் தோடு அடகுக் கடைக்குச் சென்றது.

அவர் சொன்ன அந்தப் பதிலில்தான் இன்றைய என் பேச்சின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எனவே அதை மனத்தில் வைத்துக்கொண்டு சட்டத்தைப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பந்தயப் பணயமும் சூதாட்டமும் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 34-ம் இனம் அது. அதே பட்டியலின் 28-ம் இனம் சந்தைகளும் திருவிழாக்களும். ஆக, சந்தையும் சூதும் ஒரே ஆட்சியின் பொறுப்பில் வைக்கப்பட்டுள்ளன.

சென்னை நகருக்கு 1888-ம் ஆண்டின் நகரக் காவல் சட்டத்திலேயே சூதாட்டத் தடை இடம்பெற்றது. நம்மைப் போன்ற வெளியூர்களுக்கு 1930-ம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் வந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டைக் கடந்து வந்துள்ள அச்சட்டத்தின் முக்கியமான கூறுகளை ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, சூதாட்ட விடுதி என்பது கட்டடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீடாயினும், அறையாயினும், கூடாரமாயினும், தட்டி அடைத்த இடமாயினும், வண்டியாயினும், நடத்துபவர் ஆதாயம் பெறுவதற்காகச் சீட்டோ கட்டையோ அங்கே வைக்கப்பட்டிருந்தால் அது சூதாட்ட விடுதியே. திருவிழாத் திடலில் நான்கு கம்பு நட்டுத் துணி கட்டிய கடையும் இதில் அடங்கும்.

இரண்டாவது, அத்தகைய இடத்தை நடத்துவது 8-ம் பிரிவின்படி குற்றம். அங்கே ஆடிக்கொண்டிருப்பது 9-ம் பிரிவின்படி குற்றம். தெருவிலோ பொது இடத்திலோ பணம் வைத்துச் சீட்டு, கட்டை முதலியன ஆடுவது 12-ம் பிரிவின்படி குற்றம். ஆகவே வேப்பமரத்தடியில் விரித்த சாக்கும் சட்டத்துக்குத் தப்பியதன்று.

மூன்றாவது, திறமையை மட்டுமே சார்ந்த ஆட்டங்களுக்கு 11-ம் பிரிவு விலக்கு அளித்தது. சதுரங்கமும் சிலம்பமும் சூதாகா. ஆயின் மூன்று சீட்டு முற்றிலும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்த ஆட்டம் என்பதை 1967-ம் ஆண்டில் ஒரு சீட்டாட்ட வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டுவிட்டது. “எங்கள் ஆட்டம் கைத்திறன்” என்று திடலில் கூவுபவனின் வாதம் எடுபடாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டம் மேலும் ஒரு படி செல்கிறது. கூட்டமாகச் சேர்ந்து அனுமதியற்ற பந்தயமோ சூதாட்டமோ நடத்துவதை அதன் 112-ம் பிரிவு சிறு அளவிலான திட்டமிட்ட குற்றங்களுள் ஒன்றாக வைத்துள்ளது. அதற்கு ஓராண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரை நீளக்கூடிய சிறைத் தண்டனை உண்டு, அபராதமும் உண்டு. ஒருவன் சீட்டுப் போட, மூவர் வென்று காட்ட, இருவர் காவல் பார்க்கும் கும்பல்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இழந்த பணம் திரும்புமா?

அடுத்து எழும் கேள்வி, இழந்த பணத்தை வழக்குப் போட்டுப் பெறலாமா என்பது. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 30-ம் பிரிவு இதற்குத் தெளிவாக விடை தருகிறது. பணயம் வைத்துச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது; அதன்மேல் எந்த நீதிமன்றத்திலும் பணம் கோர முடியாது. வென்றவர் கேட்டுப் பெறவும் வழியில்லை. இழந்தவர் மீட்கவும் வழியில்லை.

ஆயின் இதிலே ஒரு நுட்பம் உண்டு. அது பலருக்குத் தெரிவதில்லை. பணயத்துக்கெனப் பக்கத்தில் நின்ற மூன்றாமவரிடம் கைமாற்று வாங்கினால், “அது சூதுக்கு வாங்கிய பணம், ஆகவே கொடுக்க வேண்டியதில்லை” என்று எளிதில் தப்பிவிட முடியாது. பணய ஒப்பந்தம் செல்லாதது என்றாலும் சட்டவிரோதமானது அன்று என்றும், அதையொட்டி எழும் வேறு ஒப்பந்தங்கள் அதனாலேயே அழிந்துவிடமாட்டா என்றும் 1959-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்ற பணம் கைக்கு வராது. வாங்கிய கடனோ கழுத்தை விட்டு இறங்காது. வட்டிக்குக் கொடுப்போர் சூதாடும் இடத்தருகே ஏன் நிற்கின்றனர் என்பது இப்போது விளங்கும்.

சீட்டை மறைத்தோ கட்டையில் ஈயம் ஏற்றியோ ஒருவன் ஏமாற்றினால் அது வெறும் சூதன்று, மோசடி. அதற்குப் புகார் கொடுக்கலாம். ஆனால் நம் குடியானவரைப் போல் பெரும்பாலோர் அச்சத்தாலும் வெட்கத்தாலும் வாய் திறப்பதில்லை. ஆடியவரும் குற்றவாளி என்ற நிலை, ஆட்டுவித்தவனுக்கே பாதுகாப்பாக முடிகிறது. ஆகவே சூது நடந்து முடிந்த பின் சட்டத்தைத் தேடிச் செல்வதைவிட, நடப்பதற்கு முன்பே அதற்கு இடம் கொடுக்காதிருப்பதுதான் பயன் தரும். அந்த வேலை காவல் நிலையத்தில் தொடங்குவதன்று, ஊரில் தொடங்குவது.

குதிரைப் பந்தயத்தின் கதை

இங்கே சிலர் ஓர் ஐயம் எழுப்புவர். “சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயத்தில் லட்சக்கணக்கில் பணம் கட்டினார்கள். அது குற்றமில்லை, எங்கள் ஊர்ப் பந்தயத்தில் நூறு ரூபாய் வைத்தால் மட்டும் குற்றமா?” என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். பதிலையும் முழுமையாகச் சொல்ல வேண்டும்.

1930-ம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்தில் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு விலக்கை வைத்திருந்தது. பந்தயம் ஓடும் நாளன்று, பந்தயத் திடலுக்குள் அரசின் இசைவோடு ஒதுக்கப்பட்ட இடத்தில் வைக்கும் பணயம் மட்டும் சூதாகாது என்பதே அவ்விலக்கு. நாளுக்கு ஓர் எல்லை, இடத்துக்கு ஓர் எல்லை. பின்னர் அந்த விலக்கை நீக்கத் திருத்தம் செய்யப்பட்டது. 1974-ம் ஆண்டில் குதிரைப் பந்தயத்தையும் அதன்மீது வைக்கும் பணயத்தையும் ஒழிக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. 1896-ம் ஆண்டில் தோன்றிய சென்னைக் குதிரைப் பந்தயக் கழகம் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. குதிரையின் பிறப்பு, பயிற்சி, ஓட்டுபவரின் ஆற்றல் ஆகியவற்றையே வெற்றி பெரிதும் சார்ந்திருப்பதால் குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்றும், அதில் பணயம் வைப்பது மேற்சொன்ன சட்டங்களின்படி சூதாட்டம் ஆகாது என்றும் நீதிமன்றம் கூறியது. கழகத்தின் கிண்டி நிலத்துக்கான குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்து செய்தது வேறு கதை.

இத்தீர்ப்பிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? அது குதிரைப் பந்தயத்தைப் பற்றிய தீர்ப்பு. ஒழுங்குமுறைகள் வகுத்து, கணக்கு வைத்து, வரி செலுத்தி, வேலிக்குள் நடந்த ஒரு பந்தயத்தின் வழக்கு. அத்தீர்ப்பு மூன்று சீட்டுக்கும் உரிமம் ஆகாது. சாலையோரத்தில் கைக்குக் கை மாறும் பணத்துக்கும் உரிமம் ஆகாது. பந்தயம் திறமை ஆட்டம் என்று சட்டமே ஒப்புக்கொண்டாலும், பணயம் வைத்தவரின் மடி நிறைந்துவிடும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. திறமை குதிரைக்கும் ஓட்டியவருக்கும் உரியது. இழப்பு மட்டுமே பார்த்தவருக்கு உரியது.

நம் வண்டிப் பந்தயங்கள்

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கே குதிரைக்குப் பதிலாகக் காளை. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு, புள்ளிமான் என்று வகை பிரித்து நம்மவர்கள் வண்டி ஓட்டும் அழகைக் காணப் பல மாவட்டத்தார் வருகின்றனர். காளையைக் கண்போல் வளர்த்து, பருத்திக்கொட்டையும் பயறும் ஊட்டி, நடை பழக்கி, நுகம் பூட்டி ஓட்டுவது எளிய கலையன்று. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் ஜல்லிக்கட்டும் வண்டிப் பந்தயமும் நின்றன. 2017-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு திருத்தச் சட்டம் கொண்டுவந்து ஜல்லிக்கட்டுக்கு வழி செய்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இவ்வளவு பாடுபட்டுக் காத்துக்கொண்ட மரபு இது என்பதை மறக்கலாகாது.

இதைக் காக்க வேண்டுமானால் பந்தயத்தையும் பணயத்தையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். வண்டி உரிமையாளர் நுழைவுக் கட்டணம் செலுத்தி, அறிவித்த பரிசுக்காக ஓட்டுவது ஒன்று. சாலையோரம் நிற்பவர்கள், “முன்னால் போகும் வண்டி மேல் ஆயிரம்” என்று தமக்குள் பணம் வைப்பது முற்றிலும் வேறு. முன்னது காளை வளர்ப்பவரை ஊக்குவிக்கிறது. பின்னது காளையைச் சாட்டையாலும் தார்க்குச்சியாலும் வதைக்கத் தூண்டுகிறது. ஓட்டுபவரை விலைக்கு வாங்கத் தூண்டுகிறது. இரு ஊராரைக் கைகலப்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒரு கைகலப்பு நேர்ந்தால் மறு ஆண்டு அந்த ஊருக்கு அனுமதி கிடைப்பது அரிது. ஆகவே பணயத்தைத் தடுப்பவர் பந்தயத்தின் பகைவர் அல்லர். பந்தயத்தைக் காப்பவர் அவரே.

ஒரு சிறு கணக்கு

சூதில் ஏமாற்று இல்லாவிட்டால் இலாபம் வரலாம் அல்லவா என்று இளைஞர்கள் கேட்பர். கணக்கே இதற்கு விடை சொல்லட்டும். ஆறு பக்கங்களில் ஆறு படங்கள் கொண்ட லங்கர் கட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று கட்டைகளை உருட்டும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நீங்கள் பணம் வைத்த படம் ஒரு கட்டையில் விழுந்தால் வைத்த பணத்தோடு ஒரு பங்கு. இரண்டில் விழுந்தால் இரு பங்கு. மூன்றிலும் விழுந்தால் மூன்று பங்கு. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

மூன்று கட்டைகளும் விழக்கூடிய விதங்கள் மொத்தம் 216. அவற்றுள் உங்கள் படம் அறவே விழாதவை 125. ஒரு கட்டையில் மட்டும் விழுபவை 75; இரண்டில் விழுபவை 15; மூன்றிலும் விழுவது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முறையும் 10 ரூபாய் வீதம் 216 முறை வைத்தால் நீங்கள் போட்டது 2,160 ரூபாய். திரும்பி வருவது 1,990 ரூபாய். ஆட்டம் நடத்துபவனுக்கு 170 ரூபாய். இதில் ஏமாற்று எதுவுமில்லை. ஆட்டத்தின் அமைப்பே அப்படி. ஈயம் ஏற்றிய கட்டையானால் கணக்கே வேண்டாம். உழாமல், விதைக்காமல், நீர் பாய்ச்சாமல் ஆண்டு முழுவதும் அறுவடை செய்யும் நிலம் அவனுக்கு நம் மடிதான்.

எல்லைப்புறத்தின் சோதனை

நம் பள்ளத்தாக்குக்கென்று தனிப்பட்ட ஒரு சோதனையும் உண்டு. கூடலூரிலிருந்து மலைச்சாலையில் ஏறினால் குமுளி, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, போடியிலிருந்து போடிமெட்டு. மூன்று வழியாகச் சென்றாலும் கேரளம். அங்கே லாட்டரித் துறை 1967-ம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1960-களின் இறுதியில் அரசே பரிசுச் சீட்டு விற்றது, இடையில் நிறுத்தப்பட்டது, மறுபடியும் வந்தது. இறுதியாக 2003 ஜனவரியில் எல்லா வகை லாட்டரிகளின் விற்பனையும் இம்மாநிலத்தில் தடை செய்யப்பட்டது. அரசு நடத்தினாலும் லாட்டரி சூதே என்றும், தன் எல்லைக்குள் லாட்டரி வேண்டாம் என்று முடிவு செய்த மாநிலம் பிற மாநிலச் சீட்டுகளையும் தடுக்கலாம் என்றும் 1999-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

ஆகவே மலைக்கு மேலே சட்டத்துக்கு உட்பட்ட பொருள், மலைக்குக் கீழே குற்றப் பொருள். ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார் சிலர், மாலையில் திரும்பும்போது கூலியில் ஒரு பகுதியைச் சீட்டாக மாற்றிக்கொண்டு வருவதை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அந்தச் சீட்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து தேநீர்க் கடை ஓரத்தில் விற்பவரும், கேரளக் குலுக்கலின் கடைசி எண்ணை வைத்து “ஒரு நம்பர், மூன்று நம்பர்” எழுதுபவரும்தாம் கவனிக்க வேண்டியவர்கள். நம்பர் எழுதுபவனிடம் சீட்டே கிடையாது. ஒரு துண்டுக் காகிதம்தான். விழுந்தால் தருவான் என்பதற்கு அவன் வாய்ச்சொல்லே பிணை.

இதனினும் விரைவாகப் பரவியது கைப்பேசிச் சூதாட்டம். திருவிழா ஆண்டுக்கு எட்டு நாள். கைப்பேசி ஆண்டு முழுவதும் திருவிழா. தமிழ்நாடு அரசின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தில் ஒரு முக்கியமான கூறு உண்டு. ஆட்டத்தை நடத்துவோருக்கும் விளம்பரம் செய்வோருக்கும் பணப் பரிமாற்றத்துக்குத் துணை போவோருக்குமே அது தண்டனை விதிக்கிறது. ஆடி இழந்தவரைக் குற்றவாளியாக்கவில்லை. “யார் முகத்தில் போய் விழிப்பேன்” என்று கலங்கிய நம் குடியானவரின் நிலை, கைப்பேசியில் இழந்தவருக்கு அச்சட்டத்தால் நேராது. இழந்தவர் துணிந்து வாய் திறந்தால்தான் இழக்கச் செய்தவன் பிடிபடுவான்.

ஊராட்சி செய்யக்கூடியவை

இனி, நம்மால் ஆவது என்ன என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், சந்தைகளையும் திருவிழாக்களையும் ஒழுங்குபடுத்தும் பணிக்கு ஊராட்சிக்கு இடம் தந்துள்ளது. பெரியவை என வகைப்படுத்தப்பட்டவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தப் பெரும் செலவு எதுவும் தேவையில்லை.

முதலாவதாக, கிராம சபையைப் பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும் என்ற ஏற்பாடு 2022-ம் ஆண்டில் வந்தது. மே 1-ல் கூடும் சபை, சித்திரைக் கடைசியில் வரும் திருவிழாக்களுக்குச் சற்று முன்னதாக அமைகிறது. நவம்பர் 1-ல் கூடும் சபை, தைப் பந்தயங்களுக்கு இரண்டு மாதம் முன்னதாக அமைகிறது. “நம் எல்லைக்குள் திருவிழாவிலும் பந்தயத்திலும் பணயம் வைத்து ஆடும் எந்த ஆட்டத்துக்கும் இடமில்லை” என்று அச்சபைகளில் தீர்மானம் இயற்றி, அதன் நகலைக் காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். திருவிழா முடிந்த பின் கூடிக் குறைபட்டுக்கொள்வதால் பயனில்லை.

இரண்டாவதாக, கடை இடங்களை ஏலம் விடும்போது நிபந்தனை எழுதுங்கள். எந்தக் கடை எந்தப் பொருளுக்கு என்பதைப் பதிவு செய்யுங்கள். சூதாட்டத்துக்கு இடம் கொடுத்தால் உரிமை ரத்தாகும், கட்டிய பணம் திரும்பாது என்பதை முன்னரே படித்துக் காட்டுங்கள். சூதாட்டக் கடைதான் அதிக வாடகை தரும் என்று ஏலதாரர் சொல்வார். அந்த அதிக வாடகை எங்கிருந்து வருகிறது என்று அவரைக் கேளுங்கள். நம் வரியாளரின் மடியிலிருந்து எடுத்து நம் ஊராட்சிக்கே தருகிறார். நடுவில் தமக்கு ஒரு பங்கை வைத்துக்கொள்கிறார். அது வருமானமாகாது.

மூன்றாவதாக, வெளிச்சம் போடுங்கள். ராட்டினத்துக்குப் பின்புறமும், வண்டி நிறுத்துமிடமும், தோப்பு ஓரமும் இருளாக இருப்பதே சூதாடிகளுக்கு வசதி. நான்கு விளக்குகளும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் இளைஞரும் சேர்ந்த ஒரு சிறு காவல் குழுவும் போதும். அவர்கள் யாரையும் பிடிக்கவோ அடிக்கவோ வேண்டாம். கூட்டம் சேரும் இடத்தில் போய் நின்றாலே கூட்டம் கலையும். கலையாவிட்டால் காவலருக்குச் சொன்னால் போதும்.

நான்காவதாக, வண்டிப் பந்தயத்தின் பரிசுகளையும் விதிகளையும் முன்கூட்டியே அச்சிட்டு ஒட்டுங்கள். உரிய அனுமதியின்றிப் பந்தயம் வேண்டாம். ஒலிபெருக்கியில் பணயம் கூவுவதற்கு இடம் தராதீர்கள். காளைகளைக் கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே பூட்டச் செய்யுங்கள்.

ஐந்தாவது, விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. நெல் பணத்தைத் திருவிழாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். விற்ற அன்றே வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சேர்த்துவிடுங்கள். அடுத்த போகத்தின் விதைக்கும் உரத்துக்கும் வேண்டியதைத் தனியே ஒதுக்கிய பின், பிள்ளைகளுக்கு வளையலும் பொரியும் வாங்க வேண்டிய அளவே மடியில் இருக்கட்டும்.

திருவிழாவை ஒழுங்காக நடத்த முடியுமா என்று ஐயுறுவோர், கூடலூருக்கு மேலே மலை உச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டில் ஒரே நாள், சித்திரா பௌர்ணமியன்று விழா. அதற்கு முன்பே தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசி, எந்த வழியாக ஏறுவது, எத்தனை மணிக்கு இறங்குவது, எதைக் கொண்டு செல்லலாகாது என்றெல்லாம் வரையறை செய்கின்றன. இரு மாநில மக்களும் அதற்கு உட்பட்டு வழிபட்டுத் திரும்புகின்றனர். மலை உச்சியில் முடிவது, நம் ஊர்த் திடலில் முடியாதா?

அன்பர்களே! வள்ளுவர் பொருட்பாலில் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே வைத்துள்ளார். கள்ளைப்போல் மயக்குவது அது. நோயைப்போல் தீர்க்கப்பட வேண்டியது அது என்று அந்த வரிசைக்கு நான் பொருள் கொள்கிறேன். நோய்க்கு மருந்து தேடுவதினும் நோய் வராமல் காப்பது நன்று என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி.

அந்தக் குடியானவரின் மனைவியின் தோடு மூன்று போகம் கழித்தே மீண்டது என்று பின்னர் அறிந்தேன். அரை மணி நேரத்து ஆட்டத்துக்கு ஒன்றரை ஆண்டு உழைப்பு விலை. அடுத்த சித்திரையில் நம் ஊர்த் திருவிழாவுக்குச் செல்லும் எந்தக் குடியானவரும், மனைவிக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, கன்றோடு வீடு திரும்ப வேண்டும். அதற்கான தீர்மானத்தை வரும் கிராம சபையிலேயே நிறைவேற்றும்படி உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.